பனிச்சிறுத்தையும் தேசப்படமும்

நமது தேசத்தில் பனிச்சிறுத்தைகள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டால், 2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் வரையில் சர்க்காரிடம் ஊகத்தைத் தவிர வேறு விடை இருந்ததில்லை. அம்மாதம் 30-ஆம் தேதி புது டில்லியில் கூடிய தேசிய வனவிலங்கு வாரியக் கூட்டத்தில் அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. அதில் கண்ட தொகை 718. லடாக்கில் 477, உத்தராகண்டத்தில் 124, ஹிமாசலப் பிரதேசத்தில் 51, அருணாசலப் பிரதேசத்தில் 36, ஸிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரத்தில் 9. தேராதூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் முன்னின்று, மைசூரிலும் டில்லியிலும் உள்ள இரண்டு பாதுகாப்பு ஸ்தாபனங்களையும் மலைநாட்டு அரசாங்கங்களையும் துணைக்கொண்டு, 2019 முதல் 2023 வரையில் நடத்திய வேலை இது. சுவடும் எச்சமும் தேடி 13,450 கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். 1,971 இடங்களில் தாமே படமெடுக்கும் காமிராக்களை வைத்திருக்கிறார்கள். மூச்சு முட்டும் உயரத்தில், எலும்பை ஊடுருவும் குளிரில், ஊர் பேர் தெரியாத வனக் காவலர்களும் மலைவாசிகளும் செய்த இவ்வேலையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பொதுஜனங்கள் 718 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு, அதற்கு அடியிலிருந்த விஷயத்தைக் கவனியாமல் விட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். காமிராவில் அகப்பட்டு, உடலிலுள்ள புள்ளிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் காணப்பட்டவை 241 பிராணிகளே. மற்றவை கணித சாஸ்திரத்தினால் அறியப்பட்டவை. அந்தக் கணிதத்துக்கு ஆதாரம் ஒரு தேசப்படம். பனிச்சிறுத்தை எவ்விடத்தில் வசிக்கக்கூடும், எவ்விடத்தில் வசிக்கிறது என்று வர்ணம் தீட்டிக் காட்டும் படம் அது. இவ்வேலையில் அடங்கிய நிலம் சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாடு முழுவதையும்விடச் சற்றே குறைவு. எண் வருஷத்துக்கு வருஷம் மாறும். படமோ, சாலை எங்கே போகலாம், சுரங்கம் எங்கே தோண்டலாம், மந்தை எங்கே மேயலாம் என்பதைத் தீர்மானிக்கும் சக்தியுடையது. ஆகையால் அதைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

முதலில் பிராணியைப் பற்றிச் சிறிது சொல்வது அவசியம். பெயரில் சிறுத்தையாயினும், இரத்த பந்தத்தில் அது புலிக்கே நெருங்கியது என்று சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். இமயமலையில் பெரும்பாலும் 3,000 மீட்டரிலிருந்து 5,000 மீட்டர் வரை, மரங்களின் எல்லைக்கு மேல், செங்குத்தான பாறைகளில் வசிப்பது. பாறையின் நிறமே அதன் நிறம். பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் புதியவன் கண்ணுக்குத் தெரியாது. ஜார்ஜ் ஷாலர் என்ற பெயர்பெற்ற ஆராய்ச்சியாளர் சித்ராலில் 1970 டிஸம்பரில் ஒன்றைக் கண்டு படமெடுத்தபோது உலகமே வியந்தது. ராட்னி ஜாக்ஸன் என்பவர் 1982-இல் நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் ஒரு பனிச்சிறுத்தையின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டியதே இவ்வினத்தைப் பின்தொடர்ந்து அறிந்த வரலாற்றின் தொடக்கம். இவ்வளவு ஒளிந்து வாழும் ஜீவனை, புல்வெளியில் மானை எண்ணுவதுபோல் எண்ண முடியாது. எனவேதான் பிராணியைத் தேடுவதற்கு முன் அதன் வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டைத் தேடும் முறை இது. பனிச்சிறுத்தையின் சுவடோ, எச்சமோ, படமோ கிடைத்த இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த ஒவ்வோரிடத்திலும் உயரம் என்ன, சரிவு என்ன, பாறை எவ்வளவு கரடுமுரடானது, சீதோஷ்ணம் எப்படி, புல் எவ்வளவு, ஊர் எவ்வளவு தூரம் என்பவற்றைச் செயற்கைக்கோள் தந்த விவரங்களிலிருந்து எடுக்கிறார்கள். பிறகு இதே லக்ஷணங்கள் வேறெங்கெல்லாம் பொருந்துகின்றனவோ அங்கெல்லாம் வர்ணம் பூசும்படி யந்திரத்துக்குக் கட்டளையிடுகிறார்கள். மனிதன் கால் படாத சிகரங்களைப் பற்றியும் இவ்விதம் ஏதோ ஒன்று சொல்ல முடிகிறது. முறை நல்லதே. ஆனால் சாக்ஷியத்தை எடைபோட்டுப் பழகியவர்கள் இதில் இரண்டொரு கேள்விகள் கேளாமல் இருக்க முடியாது.

சாக்ஷி வரவில்லை என்பதனால் சம்பவம் நடக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லாது. சுவடு தேடிப் போகிறவன் பாதை உள்ள இடத்திலே போகிறான். நடக்க முடிந்த பள்ளத்தாக்கிலே நடக்கிறான். அவன் போகாத மலையில் புள்ளி விழுவதில்லை. புள்ளி விழாத மலையை யந்திரம் ஒதுக்கிவிடக்கூடும். இக்குறையைத் தெரிந்தே நமது ஆராய்ச்சியாளர்கள் ஒரே இடத்தைப் பலமுறை சோதித்து, இருந்தும் காணாமற்போவதற்கு எவ்வளவு இடமுண்டு என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அது சரியான வழி. வந்த சாக்ஷியும் பொய்க்கலாம் என்பது மற்றொரு சங்கடம். நரியின் எச்சத்தையும் நாயின் எச்சத்தையும் பனிச்சிறுத்தையினது என்று அநுபவசாலிகளே மயங்கியதுண்டு. பரம்பரை அணுக்களைப் பரிசோதித்த பிறகே குட்டு வெளிப்பட்டது. படங்களும் அப்படியே. 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளிலிருந்த 16 பனிச்சிறுத்தைகளின் படங்களைக் கொடுத்து, எது எதுவென்று பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தவர்கள் ஒன்றையே இரண்டாகக் கொண்ட பிழைகளினால் தொகை சராசரியாக நூற்றுக்கு 35 வீதம் ஏறிவிட்டது!

மிக முக்கியமான கேள்வி வேறு. வசிக்கத் தகுந்த இடம் என்பதும், வசிக்கிற இடம் என்பதும் ஒன்றல்ல. பாறை இருக்கும், சரிவு இருக்கும், குளிர் இருக்கும். பரல் என்னும் நீலக் காட்டாடும் ஐபெக்ஸ் என்னும் மலையாடும் அங்கே இல்லையேல் பனிச்சிறுத்தை எதைத் தின்று உயிர் வாழும்? வர்ணம் பூசிய படத்தில் அம்மலை செழிப்பாகவே தோன்றும். காலி வீட்டையும் குடியிருக்கும் வீட்டையும் தெருவில் நின்று பார்க்கிறவன் ஒன்றென்றே எண்ணுவான் அல்லவா? ஆனபடியால் இரையையும் எண்ணாமல் வரைந்த படம் பாதிப் படமே.

இவ்விஷயம் உலக அரங்கிலேயே பெரிய வழக்கை உண்டாக்கியிருக்கிறது. 2017-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பனிச்சிறுத்தையை ‘அழியும் அபாயத்தில் உள்ளது’ என்ற வகுப்பிலிருந்து, அதற்கு ஒரு படி குறைந்த வகுப்புக்கு இறக்கிற்று. இவ்வின வல்லுநர் பலர் எதிர்த்தார்கள். பனிச்சிறுத்தை பரவியுள்ள 18 லக்ஷம் சதுர கிலோமீட்டரில் ஒழுங்காகத் தொகை கணித்த நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அந்த இரண்டும் தேர்ந்தெடுத்த வளமான இடங்கள். அதைக் கொண்டு மீதி தொண்ணூற்றெட்டையும் அளப்பது எவ்விதம் நியாயம் என்பது அவர்களுடைய வாதம். அவ்வாதமே நமக்கும் வலுவுள்ளதாகப் படுகிறது. நமது தேசம் அதன் பின்னர் செய்த வேலையின் மதிப்பும் இதனால் விளங்கும். வளமான இடத்தை மட்டும் பொறுக்காமல், வளமற்ற இடத்திலும் காமிரா வைத்து, அங்கு இல்லை என்பதையும் எழுதிவைத்தார்கள்.

இது நிற்க. படம் எவ்வளவு சரியானது என்பதோடு, அது யாருக்காக என்று கேட்பதும் நமது கடமை. 1802-ஆம் வருஷம் லாம்டன் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் சென்னைப் பட்டணத்தை அடுத்த பரங்கிமலைக்கருகில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். அங்கே போட்ட கோடு முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்து, நாற்பது வருஷங்களில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. சாஸ்திரத்துக்கு அது பெரிய சாதனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் படை போகவும் வரி வாங்கவும் உபயோகப்பட்ட அப்படங்களை வரைந்தபோது, அவற்றில் அடங்கிய ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைவாசியும் இடையனும் காலங்காலமாக மேய்த்த நிலம் ஒரு நாள் காலையில் ‘ரிஸர்வ்’ என்று பச்சை வர்ணம் பெற்றதை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. இப்போது மற்றொரு படம் வருகிறது. அது குடிஜனங்களின் காலைக் கட்டுமா, சர்க்காரின் கையைக் கட்டுமா?

காலைக் கட்டுவதில் பயனில்லை என்பதற்குச் சாஸ்திரமே சாக்ஷி. மங்கோலியாவின் தெற்கிலுள்ள தோஸ்த் மலைகளில் ரேடியோப் பட்டை கட்டி ஆராய்ந்ததில், ஓர் ஆண் பனிச்சிறுத்தைக்குச் சராசரியாக 207 சதுர கிலோமீட்டரும் பெண்ணுக்கு 124 சதுர கிலோமீட்டரும் நிலம் வேண்டியிருக்கிறது என்று 2016-இல் கண்டார்கள். உலகில் இப்பிராணி பரவியுள்ள இடங்களிலுள்ள 170 சரணாலயங்களில் நூற்றுக்கு நாற்பது, ஒரேயொரு ஆணுக்குக்கூடப் போதாத அளவுடையவை! வேலி போட்டு, உள்ளே பனிச்சிறுத்தை, வெளியே மனிதன் என்று பிரித்துவிடலாம் என்ற நினைப்பு இந்த ஒரு கணக்கிலேயே பொடியாகிறது. லடாக்கில் இருக்கும் 477-இல் பலவும் கிராமங்களைச் சுற்றியே நடமாடுகின்றன. இடையனுடைய மேய்ச்சல் நிலமும் பனிச்சிறுத்தையின் வேட்டை நிலமும் ஒன்றே. இருவரும் சேர்ந்து வாழ்ந்தாலன்றி இருவருக்கும் வாழ்வில்லை.

சேர்ந்து வாழ்வது சுலபம் என்று நாம் சொல்ல வரவில்லை. இரவில் பட்டிக்குள் குதித்த பனிச்சிறுத்தை வெளியேற வழி தெரியாமல் பத்து இருபது ஆடுகளைக் கடித்துப் போட்டுவிடும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷத்து ஜீவனம் ஓர் இரவில் போயிற்று. நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டால், உத்தியோகஸ்தர் மலையேறி வந்து பார்ப்பதற்குள் பிணம் மக்கிவிடும். அவன் கையில் தடியெடுப்பது ஆச்சரியமா? உலகெங்கும் வருஷந்தோறும் 221 முதல் 450 வரை பனிச்சிறுத்தைகள் கொல்லப்படுவதாக 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அவற்றில் பாதிக்கு மேல் மந்தை நஷ்டத்துக்குப் பழிவாங்கக் கொல்லப்பட்டவை. தோலுக்காகக் கொல்லப்பட்டவை அதைவிடக் குறைவே. ஆகவே காவல்காரனைவிட இடையனே இவ்விஷயத்தில் பிரதானமானவன். ஸ்பீதி பள்ளத்தாக்கிலுள்ள கிப்பர் கிராமத்தார் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை மந்தை போகாமல் தாங்களே ஒதுக்கிவைத்தார்கள். அங்கே பரல் பெருகிற்று. 2002 முதல் தாங்களே பணம் போட்டு, தாங்களே நிர்வகித்து, மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் நடத்துகிறார்கள். செத்த மாடு யாருடையது, எதனால் செத்தது என்பதை ஊரார் கூடியே முடிவு செய்கிறார்கள். பொய்க் கணக்குக்கு அங்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் மண் தூவ முடியுமா?

இடையனைக் குறை கூறுவோர், அவன் மந்தை ஏன் பெருகிற்று என்பதையும் யோசிக்க வேண்டும். மங்கோலியாவிலும் திபேத்திலும் நமது லடாக்கிலும் பஷ்மினா ஆடுகள் பெருகுவதற்குக் காரணம், அவ்வூர்க் குழந்தைகளின் பசி மட்டுமன்று. தூர தேசத்துச் சீமான்கள் தோளில் போடும் மெல்லிய சால்வையும்தான். புல்லை ஆடு தின்றுவிட்டால் பரலுக்கு மீதியில்லை. இப்பொறுப்பை மேய்ப்பவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. லடாக்கில் பாசறைகளிலும் பிரயாணிகளின் விடுதிகளிலும் கொட்டும் எச்சிலைத் தின்று கொழுத்த தெருநாய்க் கூட்டங்கள் வனவிலங்குகளைத் துரத்திக் கடிப்பதற்கும் அவன் பொறுப்பாளியல்ல.

இனி, சர்க்காரின் கையைக் கட்டும் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன தோஸ்த் மலைகளில் ஒரு காலத்தில் சுரங்கம் தோண்டுவதற்கு லைஸென்ஸுகள் வழங்கப்பட்டிருந்தன. அவ்வூர் மேய்ப்பர்கள் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். பனிச்சிறுத்தை நடமாடும் வழிகளை ஆராய்ச்சியாளர்கள் படமாக வரைந்து வைத்திருந்தது அவர்கள் வாதத்துக்கு ஆதாரமாயிற்று. 2016-இல் மங்கோலியப் பார்லிமெண்டு அம்மலைகளை அரசாங்கப் பாதுகாப்பில் சேர்த்தது. படத்தின் உபயோகம் இதுதான்.

நமது தேசத்தில் நிலைமை என்ன? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பனிச்சிறுத்தை இருக்கிறது. அதைக் கொல்வது பெருங்குற்றம். ஆனால் அதன் வீட்டை இடிப்பது குற்றமா என்று சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினால், சரணாலய எல்லைக்கு வெளியே தெளிவான விடை கிடையாது. புலிக்கு இக்கதி இல்லை. 2006-இல் அதே சட்டத்தில் சேர்த்த 38-ஓ பிரிவின்படி, புலிக் காப்பகங்களை மட்டுமன்றி, ஒரு காப்பகத்தை மற்றொன்றோடு இணைக்கும் நிலங்களையும், பொது நன்மை கருதி வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் புலி ஆணையத்தின் ஆலோசனையும் பெற்றாலன்றி, கேடு விளைக்கும் காரியங்களுக்குத் திருப்பலாகாது. புலியின் நடைபாதைக்குச் சட்டத்தில் இடமுண்டு. பனிச்சிறுத்தையின் நடைபாதைக்கு இல்லை. 718 என்ற அறிக்கை எந்த வாரியத்தின் கூட்டத்தில் வெளியிடப்பட்டதோ, அதே வாரியத்தின் முன், அவ்வறிக்கை காட்டும் நிலத்தின் பெரும்பகுதி விசாரணைக்கு வரவே வராது. இதைவிட விசித்திரம் உண்டோ?

வேலையோ மலையில் மும்முரமாக நடக்கிறது. எல்லைப் பாதுகாப்புக்குச் சாலைகள் வேண்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. லடாக்கிலிருந்து 13 கிகாவாட் மின்சாரத்தைக் கீழே கொண்டுவரும் கம்பிப் பாதைக்கு 2023 அக்டோபரில் மத்திய மந்திரி சபை சம்மதம் தந்தது. சூரிய வெளிச்சத்தில் கிடைக்கும் மின்சாரம் தேசத்துக்கு நல்லதே. கம்பி எந்தக் கணவாய் வழியே வரும், அக்கணவாய் இரண்டு மலைத்தொடர்களுக்கிடையே இப்பிராணி கடக்கும் ஒரே வழியா, பலவற்றில் ஒன்றா என்று முதலில் பார்த்துவிட்டுக் கோடு போட்டால் என்ன நஷ்டம்? கோடு போட்டபின் பார்த்தால் ஏற்படும் நஷ்டத்தை எவராலும் ஈடுசெய்ய முடியாது. எஞ்சினீயர்களின் மேஜையில் நிலநடுக்கப் படம் இருக்கிறது. பனிச்சரிவுப் படம் இருக்கிறது. இந்தப் படமும் இருக்கட்டும் என்பதே நமது கோரிக்கை.

படத்தை வெளிப்படையாக்கினால் வேட்டைக்காரனுக்கு அதுவே வழிகாட்டியாகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சம் வாஸ்தவமே. எந்தப் பாறையடியில் காமிரா வைத்தார்கள், எந்தக் குகையில் குட்டி போட்டது என்பவற்றை இரகசியமாகவே வைக்க வேண்டும். ஆனால் எந்த மலைத்தொடர், எந்தக் கணவாய் என்ற அளவில் மறைத்து யாருக்கு லாபம்? வேட்டைக்காரனுக்கு மலை தெரியும். படம் இல்லாமலே தெரியும். தெரியாதவர்கள் டில்லியில் கையெழுத்துப் போடுகிறவர்களும், அவர்களைத் தட்டிக் கேட்க விரும்பும் கிராமத்தாருமே.

மற்றொரு சிக்கல் தேச எல்லைகள். பனிச்சிறுத்தை பன்னிரண்டு நாடுகளில் வாழ்கிறது. அதன் நிலத்தில் பெரும்பங்கு சீனாவின் வசம். 2013-இல் கிர்கிஸ்தானத்தின் தலைநகரான பிஷ்கெக்கில் பன்னிரண்டு நாட்டாரும் கூடி, 2020-க்குள் இருபது பெரிய மலைப் பிரதேசங்களைக் காப்பதென்று பிரகடனம் செய்தார்கள். உலகம் வெப்பமாகி வருவதால் மரங்களின் எல்லை மேலேறி, இமயத்தில் இப்பிராணியின் நிலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை போய்விடக்கூடும் என்று 2012-இல் ஒரு கணிப்பு வந்தது. 2016-இல் வந்த மற்றொரு கணிப்பு, வெப்ப தட்ப மாறுதல்களிலும் நிலைத்து நிற்கக்கூடிய புகலிடங்கள் மூன்று என்றது: அல்தாய் மலைகள், சீனத்து சிலியன் மலைகள், தியான்ஷான் தொடங்கி பாமிர், ஹிந்துகுஷ் வழியே காரகோரம் வரையிலான மலைகள். கடைசியில் சொன்ன புகலிடத்தில்தான் உலகத்தின் தீராத எல்லைச் சண்டைகளில் பல நடக்கின்றன. துப்பாக்கி பிடித்து நிற்கும் நாடுகளும் மழை அளவையும் ஆற்று வெள்ளத்தையும் பற்றிச் செய்தி பரிமாறிக்கொள்வதுண்டு. அதேபோல் இப்படங்களையும் பரிமாறிக்கொள்ளத் தடை என்ன இருக்கிறது?

ஹிமாசலப் பிரதேசம் இதற்குள் மறுமுறை எண்ணி முடித்துவிட்டது. முதல் கணக்கில் 51. 2025-இல் வெளியான இரண்டாவது கணக்கில் 83. இதை உடனே பெருக்கமென்று கொண்டாடுவதற்கில்லை. எண்ணும் திறமை கூடியதும் ஒரு காரணமாயிருக்கலாம். நமக்கு அதைவிட மகிழ்ச்சி தந்த செய்தி வேறு. கிப்பர் கிராமத்து ஸ்திரீகள் சிலர் பயிற்சி பெற்று, மலையேறிக் காமிரா வைத்து, வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் பிரித்து, இந்தக் கணக்கில் கைகொடுத்திருக்கிறார்கள். படத்தில் அடங்கியவர்களே படம் வரைந்திருக்கிறார்கள். லாம்டன் காலத்தில் இதை யாரும் கனவிலும் கண்டிருக்க முடியாது.

எனவே சட்டசபை அங்கத்தினர்களுக்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் நாம் சொல்வது இது. 38-ஓ பிரிவைப் போன்ற ஒரு பிரிவைப் பனிச்சிறுத்தையின் நிலத்துக்கும் எழுதுங்கள். அப்பிரிவு சுரங்கத்தையும் பெருஞ்சாலையையும் அணைக்கட்டையும் மின்பாதையையும் விசாரணைக்கு உட்படுத்தட்டும். மேய்ச்சல் உரிமையை அது தொடாது என்பதை அதே பிரிவில், வியாக்கியானத்துக்கு இடமில்லாத வார்த்தைகளில், சேர்த்தே எழுதுங்கள். படத்தின் பிரதி ஒன்றை ஒவ்வொரு மலைக் கிராமத்துப் பஞ்சாயத்துக்கும் அவரவர் பாஷையில் அனுப்பி, பிழையிருந்தால் திருத்தும்படி கேளுங்கள். நாலைந்து வருஷங்களுக்கு ஒரு முறை, பரலையும் ஐபெக்ஸையும் சேர்த்து மறுபடி எண்ணுவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். 2019-இல் தொடங்கிய முதல் கணக்கு முடிய நான்கு வருஷங்கள் ஆயின. அடுத்ததற்கு ஏற்பாடு இப்போதே தொடங்க வேண்டும்.